பூஜைக்குப் போன சாவி

எங்கள் மில்லில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலத்துக்கு மேல் ஒரு திருகாணியைக்கூட யாராலும் கழற்ற முடியாது. ஸ்பானர், சுத்தியல், திருப்புளி, மூட்டையில் குத்தி நெல் பார்க்கும் குத்தூசி, பாய்லருக்கு உமி தள்ளும் மண்வாரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஆபீஸ் அறையில் வாழையிலை மேல் பரப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்குப் பொட்டு, எடை மெஷினுக்குப் பொட்டு, லாரியின் முகத்தில் பட்டை பட்டையாகச் சந்தனம். என் கால்குலேட்டரை நான் ஒளித்து வைத்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போவார்கள். சந்தனம் காய்ந்துபோய் சைபர் பட்டன் ஒரு வாரத்துக்கு அழுந்தாது.

கடைசியில் சாவிகள் போகும். முதலாளி பித்தளைத் தாம்பாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மில்லைச் சுற்றி வருவார். ஒவ்வொரு கதவின் சாவியும் அதில் விழ வேண்டும். விழுந்தால் விழுந்ததுதான். மறுநாள் பூஜை, அதற்கும் மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை. அது முடிந்து அவர் கையால் எடுத்துக் கொடுக்கும்வரை தாம்பாளத்தை யாரும் தொடக்கூடாது. பூனை எலி போகாமல் ஆபீஸ் அறையையும் பூட்டி, அந்த ஒரு சாவியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

திருத்துறைப்பூண்டிக்குப் போகிற சாலையில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த மில். கணக்கு எழுத வந்தவள் நான். இப்போது ஆள் சேர்ப்பது, சம்பளம் போடுவது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களுக்கு டீ சொல்வது, தீ பாதுகாப்பு எல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. முதலாளி என்னைவிட ரொம்பச் சின்னவர். அவருடைய அப்பா காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையோடு வந்து தவிட்டுக் குவியலில் குதித்துக்கொண்டிருந்தார். என்னை அக்கா என்பார். நான் நாலு பேருக்கு முன்னால் முதலாளி என்றும், தனியாக இருக்கும்போது தம்பி என்றும் சொல்வேன். நல்ல மனுஷன். என்ஜினியரிங் படித்தவர். சாமி விஷயத்தில் மட்டும் படிப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வருவார்.

தீ பாதுகாப்பு என் தலையில் தானாக விழவில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பேக்கிங் கோடவுனுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது. திறந்தால் வாய்க்கால் கரை. ஆள் உள்ளே வேலை செய்யும்போது வெளியே போகும் கதவைப் பூட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தாழ்ப்பாள் மட்டும் போதும் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். காவலுக்கு ஆள் இல்லாத பக்கம், அரிசி மூட்டை நடந்து போய்விடும் என்றார். கடைசியில் பேரம் பேசி ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு வந்து நின்றோம். உட்பக்கப் பூட்டு, பூட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சின்னக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சாவி. பெட்டியோரம் சங்கிலியில் கட்டிய குட்டிச் சுத்தியல். அதில் எனக்குத் திருப்தி இல்லை, ஆனால் சாவி கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒத்திகைகூட நடத்தினோம். சைரன் ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வர வேண்டும் என்று பேக்கிங் பெண்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். சைரன் ஊதியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே, டிபன் கேரியரையும் செருப்பையும் தேடி எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்புவது மாதிரி வந்து நின்றார்கள். ஒருத்தி பாதி வழியில் திரும்பிப் போய் செல்போன் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். நான் கத்தின கத்தலில் பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது தடவை ஒழுங்காக ஓடி வந்தார்கள்.

இத்தனை வருஷமும் ஆயுத பூஜையன்று கற்பூரம் காட்டி முடித்ததும் மில்லில் காக்கா குருவி இருக்காது. அதனால் கண்ணாடிப் பெட்டிச் சாவியும் தாம்பாளத்துக்குப் போவதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆளில்லாத இடத்தில் கதவு பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன. போன வருஷம் கதை மாறியது. தீபாவளி லோடுக்குப் புதிதாக அச்சடித்த பைகள் தாமதமாக வந்து சேர்ந்தன. வெள்ளை பிளாஸ்டிக் பைகள், கட்டுக் கட்டாக, கோடவுன் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. பூஜைக்கு மறுவாரமே லாரி புறப்பட வேண்டும். மெஷினைத் தொட முடியாது. பையைப் பிரித்து உதறி, மடித்து, அடுக்கலாமே என்றார் முதலாளி. பேக்கிங் பெண்களில் பாதிப் பேர் பூஜையன்று வர ஒப்புக்கொண்டார்கள்.

"மெஷின் தொடாத வேலைதானேக்கா. சாமிக்கும் கொறை இல்ல, லோடுக்கும் கொறை இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார்.

மெஷின் தொடாத வேலை என்ற பேச்சு எனக்குப் புதிதில்லை. இதே சொல்லை, மெஷினுக்குப் பதில் ஊசி என்று போட்டு, நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மேஸ்திரி சொன்னார்.

அப்போது நாங்கள் திருவிடைமருதூருக்கு அந்தண்டை ஒரு ஊரில் இருந்தோம். அப்பா கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பார்த்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி ஒரு நீளமான சாக்குக் கொட்டகை. அறுவடைக் காலத்தில் நெல்லைக் கொட்டிப் பிடிக்கச் சாக்கு வேண்டும். புதுச் சாக்கு எல்லோருக்கும் கிடைக்காது. கிழிந்த சணல் சாக்குகளை லாரி லாரியாக வாங்கி, ஒட்டுப்போட்டுத் தைத்து விற்பதுதான் அந்தக் கொட்டகையின் தொழில். வேலை செய்தவர்கள் எல்லோரும் எங்கள் தெருப் பெண்களும் அடுத்த தெருப் பெண்களும். என் அக்கா அங்கே இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏழு வயசு வித்தியாசம்.

அக்காவைப் பற்றி உருக்கமாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வாய் நீளம். என்னை அடிப்பாள். தலை நிறையச் சணல் தூசியோடு வந்து வாசலிலேயே நின்று தும்முவாள். சாக்குகளின் மேல் என்னென்னவோ பாஷையில் அச்சடித்திருக்கும், வடக்கேயிருந்து கோதுமை வந்த சாக்கு, சர்க்கரை வந்த சாக்கு என்று. அவளுக்கு அந்த எழுத்துகளின் மேல் ஒரு பைத்தியம். பார்த்து வந்த எழுத்தைக் கரித்துண்டால் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் அப்படியே எழுதி வைப்பாள். என்ன எழுத்து என்று அவளுக்கும் தெரியாது. "படிக்கத் தெரிஞ்சவ நீதானே, படி பாப்போம்" என்று என்னைச் சீண்டுவாள். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அதுவும் போய்விட்டது.

கொட்டகைக்கு இரண்டு வாசல். முன்வாசல் ரோட்டைப் பார்த்தது, அங்கேதான் ஆபீஸ் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒரு சின்ன அறை. பின்வாசல் வாய்க்கால் பக்கம். தகரம் அடித்த ஒற்றைக் கதவு, உட்பக்கமாக நாதாங்கி, அதில் ஒரு கனத்த பூட்டு. பின்பக்கமாகச் சாக்கு வெளியே போய்விடுகிறது என்று கொட்டகைக்காரருக்குச் சந்தேகம், அதற்காகப் பூட்டு. ஆனால் பெண்கள் வாய்க்காலுக்குப் போக வேண்டும், சாப்பாட்டு வேளையில் கை கழுவ வேண்டும். அதனால் சாவியைக் கதவுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். வருஷம் பூராவும் அது அந்த ஆணியில்தான் தொங்கும். இதை எனக்குச் சொன்னவள் எங்கள் எதிர்வீட்டுப் பெண், அக்காவோடு சேர்ந்து தைத்தவள்.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்திருந்தது. ரோட்டோரமெல்லாம் நெல் குவியல், மேலே மழை மேகம். கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று ஒரே சத்தம். கொட்டகைக்காரருக்கு ஆயுத பூஜையும் விடக்கூடாது, லாரியும் போக வேண்டும். அதற்கு மேஸ்திரி கண்டுபிடித்த வழிதான் ஊசி தொடாத வேலை. தைப்பதை நிறுத்திவிட்டு, தைத்து முடித்த சாக்குகளை உதறி, அடுக்கி, கட்டுப்போடுவது.

காலையில் அக்கா சீக்கிரமே போய்விட்டாள். கொட்டகைப் பூஜைக்குச் சாமான்களைக் கழுவி வைப்பது பெண்களின் வேலை. சாக்குத் தைக்கும் கோணூசிகளை எல்லாம் தேய்த்து, ஒரு வாழை மட்டையில் வரிசையாகக் குத்தி நிறுத்தினார்களாம். கத்தரிக்கோல்கள், தராசு, எடைக்கற்கள், கட்டுத் தூக்கும் கொக்கிகள், கடப்பாரை, கோடரி, சுத்தியல், கடைசியாகச் சாவிகள். எல்லாம் முன்னறையில் சாமி படத்துக்கு முன்னால். பூஜை முடிந்து அறையைச் சாத்திவிட்டு மற்றவர்கள் உதறப் போனார்கள். அக்கா மட்டும் வீட்டுக்கு ஓடி வந்து எனக்குப் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். பொட்டுக்கடலையைப் பூராவும் வழியிலேயே பொறுக்கித் தின்றிருந்தாள். நான் கத்தினேன். "பொரி ஒனக்குத் தீனி, கடலை எனக்குக் கூலி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

எங்கள் வீட்டிலும் பூஜை முடிந்திருந்தது. என் புத்தகங்கள், அம்மாவின் அரிவாள்மணை, அப்பாவின் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாம் கூடத்தில் ஒரு மணைமேல். புத்தகத்தைத் தொடக்கூடாத நாள் எனக்கு வருஷத்தில் அது ஒன்றுதான், அதனால் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். தெருவில் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது வாய்க்கால் பக்கம் கறுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சணல் புகை தொண்டையைப் பிடுங்கும். அப்பா ஒரு கணம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே ஓடி மணையிலிருந்து கடப்பாரையை உருவினார். விளக்கு சாய்ந்தது, என் புத்தகங்கள் சரிந்து விழுந்தன. மறுபூஜைக்கு முன்னால் கலைந்துவிட்டதே, எனக்குப் படிப்பு வராதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பன்னிரண்டு வயசில் மனசு அப்படித்தான் ஓடுகிறது.

தீ எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பூஜை விளக்கு என்றார்கள், வாசலில் உடைத்த பூசணிக்காய்க் கற்பூரம் என்றார்கள், யாரோ போட்ட பீடி என்றார்கள். முன்பக்கம்தான் பிடித்தது என்பது மட்டும் நிச்சயம். உதறிய சாக்குத் தூசி கொட்டகை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது, அது பற்றிக்கொள்ள எவ்வளவு நேரமாகும். முன்வாசலுக்குக் கிட்டே இருந்தவர்கள் ஓடிப் பிழைத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் அவர்களில் ஒருத்தி. உள்ளே தள்ளி இருந்தவர்கள் பழக்கப்படி பின்கதவுக்கு ஓடினார்கள். எதிர்வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தபோது, என் அக்கா தூணில் அந்த ஆணியைத் தடவிக்கொண்டிருந்தாளாம். ஆணி இருந்தது. சாவி பொட்டு வைத்துக்கொண்டு முன்னறையில் இருந்தது. நாதாங்கியைப் பெயர்க்கவும் கொட்டகைக்குள் ஒரு கம்பி கிடையாது. கடப்பாரை, கோடரி, சுத்தியல் எல்லாம் அதே முன்னறையில், தீக்கு அந்தப்புறம்.

காப்பாற்ற வாய்க்கால் கரைக்கு ஓடி வந்த தெருக்காரர்கள் முதலில் வெறுங்கையோடுதான் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கடப்பாரை பூஜையில் இருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று ஒரு வீட்டில் யோசித்துக்கொண்டு நின்றார்கள் என்று பிற்பாடு ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. எங்கள் தெருவில் அவ்வளவு கல் மனசுக்காரர்கள் கிடையாது. வெறுங்கையோடு ஓடி வந்து, பிறகு நினைவு வந்து, வீட்டுக்குத் திரும்பி ஓடியிருப்பார்கள். மற்ற நாளாக இருந்தால் யார் கையிலாவது ஒரு மண்வெட்டி இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்பா கதவைக் கீல் பக்கமாக நெம்பிச் சாய்த்தார். பூட்டு உடையவில்லை, விழுந்த கதவோடு நாதாங்கியில் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு உட்புறம்தான் எல்லோரும் இருந்தார்கள். அதற்கு மேல் அப்பா எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் உள்ளங்கையில் கடப்பாரையின் சந்தனமும் குங்குமமும் வேர்வையில் கரைந்து ஒட்டியிருந்தன. அம்மா அந்தக் கையைக் கழுவிவிட்டாள். அதைக் கழுவும்போதுதான் எனக்கு அக்கா வரமாட்டாள் என்று புரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடப்பாரை எங்கள் வீட்டில் பூஜைக்கு வரவில்லை. கொல்லைக் கதவுக்கு வெளியே சாத்தியிருக்கும்.

ஊர் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ஆயுத பூஜையன்று வேலை செய்யக்கூடாது என்பதுதான் அது. ஓய்வு கொடுக்க வேண்டிய நாளில் உழைத்தார்கள், சாமி குத்தம் ஆகிவிட்டது. சாமி குத்தம் என்று சொல்லிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை, கொட்டகைக்காரருக்கும் சௌகரியம். கேஸ் நடந்தது, எங்கேயோ போய் முடிந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டறையிலும் அதற்குப் பிறகு பூஜையன்று ஆள் வைக்கவில்லை. பின்கதவுகள் எப்போதும்போல் பூட்டித்தான் கிடந்தன. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, வயசானால் குறையும் என்றார்கள், குறையவில்லை.

முதலாளிக்கு என் அக்கா தீயில் போனாள் என்று தெரியும். சாவி விஷயம் தெரியாது. நான் சொன்னதில்லை. கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு என் வீட்டுச் சாவைக் காரணமாகக் காட்டிக் கெஞ்ச எனக்குப் பிடிக்காது. யார் வீட்டிலும் யாரும் சாகாவிட்டாலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

அதனால் அன்று தாம்பாளத்துக்கு எதிரில் நின்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன்.

"தம்பி, இந்தச் சாவிய மட்டும் விட்டுடுங்க. நாளைக்கு உள்ள ஆளுங்க இருப்பாங்க."

"மெயினையே ஆஃப் பண்ணிடறேங்க்கா. மெஷின் ஓடாது, கரண்ட் கெடயாது. தீ எங்கேர்ந்து வரப் போவுது?"

"எங்கேர்ந்து வரேன்னு அது சொல்லிட்டா வரும்?"

"எல்லாச் சாவியும் வெச்சுட்டு ஒண்ண மட்டும் விட்டா மனசு கேக்காதுக்கா. அப்பா காலத்துலேர்ந்து ஆபீஸ் சாவி தவிர ஒண்ணு விடாம வெச்சுப் பழக்கம்."

மாற்றுச் சாவி இருக்கிறதே என்று கேட்டேன். அது அவர் வீட்டுப் பீரோவில் இருந்ததாம், வீட்டுப் பூஜைக்குப் போய்விட்டதாம். அப்படியானால் நாளைக்கு ஒரு நாள் கதவைப் பூட்டாமல் விடுங்கள் என்றேன். பின்பக்கம் காவலுக்கு ஆள் இல்லை, பை எல்லாம் புதுசு, ஒரு கட்டுப் போனால்கூட லோடுக் கணக்கு உதைக்கும் என்றார். முன்பக்க ஷட்டர் முழுசாகத் திறந்திருக்குமே என்று சமாதானமும் சொன்னார். பைக்கட்டுகளை ஷட்டரிலிருந்துதான் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் உட்கார இடம் விட்டிருந்தது பின்கதவுக்குப் பக்கத்தில்.

அந்த இடத்தைப் பார்த்ததும் என் பொறுமை போய்விட்டது. நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள்தான், ஆனால் முதலாளியிடம் அதுவரை போட்டதில்லை.

"ஏன் தம்பி, சாவிக்கு மட்டும்தான் பூஜையா? பூட்டு என்ன பாவம் பண்ணிச்சு? அதுவும் இரும்புதானே? அதுவும் வருஷம் பூரா ஒழைக்குதுதானே? அதையும் கழட்டிக் கொண்டுபோயி பொட்டு வெச்சு உக்கார வைங்களேன்!"

குத்தலாகத்தான் சொன்னேன். வேலையை விட்டுப் போ என்றால் போய்விடுவது என்றுகூட அந்த நிமிஷத்தில் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அவர் கதவைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"அட ஆமாங்க்கா" என்றார். "இத்தன வருஷத்துல பூட்டுக்கு வெச்சதே இல்லியே. அப்பாவும் வெச்சதில்ல. சாவிய வெச்சுட்டுப் பூட்ட விட்டா அரைப் பூஜையால்ல ஆவுது?"

நான் கேலி செய்ததை அவர் பக்தியாக எடுத்துக்கொண்டார். தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்து, பின்கதவுப் பூட்டைத் திறந்து, வேட்டி நுனியால் துடைத்து, சாவியோடு சேர்த்துத் திரும்ப வைத்தார். அத்தோடு விடவில்லை. மில் முழுக்கச் சுற்றிப் பூட்டு பூட்டாகக் கழற்றத் தொடங்கினார். பணம் வைக்கும் அறைப் பூட்டை மட்டும் நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நாளைக்குப் பூராவும் வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். களவுக்குப் பயந்து இத்தனை வருஷம் அங்கே ஆள் போடாதவர், பூஜைக்காகப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷமும் இருந்தது.

ஆயுத பூஜையன்று நான் எப்போதும் மில்லுக்குப் போவதில்லை, பூஜைக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டேன். அக்காவின் படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் படுத்துக்கிடப்பேன். போன வருஷம் போனேன். கோடவுனுக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பை உதறிக்கொண்டிருந்தார்கள். பின்கதவைக் கையால் தள்ளிப் பார்த்தேன். ஒரு கையில் திறந்துகொண்டது. வாட்ச்மேன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க்கா, நல்லா காத்து வருது. தெறந்தே கெடக்கட்டும்" என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி.

பொரி வாங்கிக்கொள்ள முதலாளி ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தாம்பாளத்தில் சாவிகளுக்கும் மற்றப் பூட்டுகளுக்கும் நடுவே அந்தப் பின்கதவுப் பூட்டு வளையம் திறந்தபடி கிடந்தது, நடுவில் ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும். அதைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மில்லில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை. முதலாளி பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்னக்கா, என்னாச்சுக்கா" என்றார். நான் ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினேன்.

கோணூசி, கத்தரிக்கோல், தராசு, கொக்கி, கடப்பாரை, கோடரி, சுத்தியல், சாவி. கொட்டகையில் இருந்த எல்லா இரும்புக்கும் அன்றைக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்திருந்தார்கள். பூட்டு ஒன்றுதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.